ஐந்து மைல் கோடு

1964க்கும் 1976க்கும் இடையில் தீபகற்ப மலேசியாவின் கடலோரங்களில் 34 மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். புயலிலோ அலையிலோ அல்ல. மீனவர்களுக்கும் மீனவர்களுக்கும் நடந்த சண்டையில். அரசாங்கக் கணக்குப்படி அந்த ஆண்டுகளில் நடந்த மோதல்கள் 113. அவற்றில் சம்பந்தப்பட்டவை 437 இழுவைப் படகுகளும் 987 கரையோரப் படகுகளும். 45 படகுகள் அழிக்கப்பட்டன, 62 மூழ்கடிக்கப்பட்டன.

நான் படித்த பள்ளிப் புத்தகம் எதிலும் இது இல்லை. 1969ஐப் பற்றி நாம் தாழ்ந்த குரலிலாவது பேசுகிறோம். அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஆரம்பித்து, அது முடிந்து ஏழு வருஷம் கழித்தும் ஓயாமல் கடலில் நடந்த இந்தச் சண்டையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டது குறைவு. இலாகா ஆவணங்களில் இதற்கு ஒரு பெயர் உண்டு: மீன்பிடிக் கருவிகளுக்கு இடையிலான முரண்பாடு. ஏதோ வலையும் வலையும் தாமாகவே எழுந்து சண்டை போட்ட மாதிரி.

மீன்வள இலாகாவின் அமலாக்கப் பிரிவில் நான் பல ஆண்டுகள் வேலை செய்தவன். கடைசி ஆண்டுகளில் பேராக் கரையில் மேற்பார்வை அதிகாரி. மேற்பார்வை என்றதும் கடல் காற்று, தொலைநோக்கி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எந்த ரோந்துப் படகு எந்த இரவு எந்தக் குவாலாவில் நிற்பது, அதற்கு எவ்வளவு எண்ணெய், பிடித்து வந்த படகுக்குப் பாரம் சரியாக எழுதினார்களா, கைப்பற்றிய மீன் அழுகுவதற்குள் ஏலம் விட்டு ரசீது போட்டார்களா, கோர்ட்டுக்கு யார் போவது. வேலை பெரும்பாலும் இதுதான். ஆனால் இந்தக் காகிதம் அத்தனையும் ஒரே ஒரு கோட்டைச் சுற்றியது. கரையிலிருந்து ஐந்து கடல் மைல், ஏறக்குறைய 9.3 கிலோமீட்டர். அதற்குள் இழுவை வலை கூடாது என்பது அப்போதைய விதி.

அந்தக் கோட்டை மீன் குஞ்சுகளைக் காப்பாற்றப் போட்ட கோடு என்றுதான் இன்று வேலைக்கு வரும் பையன்கள் நினைக்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், அது ஒரு போர்நிறுத்தக் கோடு.

கடலில் யார் எங்கே எப்போது மீன் பிடிக்கலாம் என்ற சட்டம் அரசாங்கத்தோடு பிறந்ததல்ல. 1900இல் வெளிவந்த ஸ்கீட்டின் மலாய் மாந்திரீகம் பற்றிய புத்தகத்தில் மீன்பிடிக் கழிகள் நடும் சடங்கு விரிவாக இருக்கிறது. பாவாங் வந்து மந்திரம் சொல்ல வேண்டும், அதன் பிறகு சில நாட்களுக்கு இன்னின்ன செய்யக் கூடாது என்று பாந்தாங் உண்டு. கிழக்குக் கரையில் பூஜா பந்தாய் முடிந்தால் மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும். ஊரில் எல்லாரும் ஒத்துக்கொண்டு மூன்று நாள் கடலைச் சும்மா விடுவது என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது, ஒரு நாள் மூடுவதற்கே நாலு மீட்டிங் போட்ட எனக்குத் தெரியும். நீரிணைக்கு அந்தப் பக்கம் ஆச்சேயில் 'பங்லிமா லாவோட்' என்று கடல் தலைவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். மீனவர் தகராறுகளை அவர்தான் தீர்க்கிறார்.

வெள்ளைக்காரன் வந்ததும் கழிகளுக்கு லைசென்ஸ் வந்தது. மீனைப் பற்றிய கவலையைவிடக் கப்பல் பாதை மறிக்கப்படக் கூடாது என்ற கவலைதான் அதில் அதிகம். 1923இல் டேவிட் ஸ்டெட் என்ற ஆஸ்திரேலியர் மலாயாவின் மீன்வளம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1926இல் 'தொங்கோல்' என்ற நீராவி இழுவைக் கப்பலை விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு பெரிய நம்பிக்கை தரவில்லை. இழுவை வலை அப்போது இங்கே வேர் பிடிக்கவில்லை.

1930களில் இன்னொரு பயம் வந்தது. சிங்கப்பூர்ச் சந்தைக்கு வந்த புது மீனில் பெரும்பங்கைப் பிடித்தவர்கள் ஒக்கினாவாவிலிருந்து வந்த ஜப்பானிய மீனவர்கள். பவளப் பாறைகளில் மீன்களை விரட்டி வலைக்குள் ஓட்டும் 'முரோ அமி' முறையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பாறை எங்கே, ஆழம் எவ்வளவு, நீரோட்டம் எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால் காலனி அரசுக்குத் தூக்கம் போனது. மீன்பிடி லைசென்ஸை இறுக்கினார்கள். மீன் அமலாக்கம் என்ற பெயரில் நாட்டுப் பாதுகாப்பைப் பார்ப்பது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

போருக்குச் சற்று முன்பு மானுடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் கிளந்தானில் பெருபோக் என்ற கிராமத்தில் தங்கி மலாய் மீனவர்களின் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். அவர் புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஜூரு செலாம். தண்ணீருக்குள் தலையை விட்டு மீன் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு, வலை போடலாமா வேண்டாமா என்று சொல்கிறவர். கடலோரம் வளர்ந்த பிள்ளைகளுக்கே இன்று அந்தச் சொல் புதிது. ஃபர்த் 1963இல் மறுபடி வந்தபோது என்ஜின் வந்திருந்தது. என்ஜின் ஓடும் கடலில் மீனின் குரலை எவர் கேட்பது?

மேற்குக் கரையில் வந்தது வெறும் என்ஜின் மட்டுமல்ல. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் தொழில்நுட்ப உதவியோடு தாய்லாந்து வளைகுடாவில் இழுவை வலை அறிமுகமானது. இரண்டு பலகைகள் தண்ணீரில் விரிந்து வலையின் வாயைத் திறக்கும். அடிக்கயிறு தரையைச் சுரண்டிக்கொண்டே போகும். பின்னால் பை. இறால், கெலாமா, நண்டு, சங்கு, விரல் நீளக் குஞ்சு என்று வேறுபாடு பார்க்காமல் எல்லாம் பைக்குள் போகும். 1961இல் அந்த வளைகுடாவில் ஒரு மணி நேரம் இழுத்தால் ஏறக்குறைய 300 கிலோ கிடைத்தது. 1980களில் அது 50 கிலோ அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அது பின்கதை. முதலில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது 300 கிலோதான். அந்தச் செய்தி எல்லை தாண்டிப் பினாங்குக்கும் பேராக்குக்கும் வர அதிக நாள் ஆகவில்லை.

கரையோர மீனவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். சின்னப் படகு. மாலையில் போய் மிதவை வலையை நீளமாக விரித்துவிட்டுக் காத்திருப்பார். வலை அவர் சொந்தமாகக்கூட இருக்காது. தவுக்கேயிடம் கடன் வாங்கி வாங்கியது, மீனைக் கொடுத்துக் கழிப்பது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓர் இழுவைப் படகு அந்த வழியே போனால் வலை போயிற்று. விடியும்போது மிஞ்சுவது நாலு மிதவையும் கொஞ்சம் கயிறும். அன்றைய மீன் போனது மட்டுமல்ல, ஒரு வருஷக் கடனும் தலைமேல் வந்து விழுந்தது. இரண்டாம் முறையும் அப்படி நடந்தால் மனிதன் என்ன செய்வான்? படகில் பெட்ரோல் புட்டிகளை ஏற்றினார்கள். இழுவைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் கூட்டமாகப் போனார்கள், சின்னப் படகுகள்மேல் ஏற்றினார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நேர்மையில்லை. இழுவைப் படகு முதலாளிகள் பெரும்பாலும் சீனர். கரையோர வலைக்காரர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர். அதனால் ஒவ்வொரு மோதலும் கரைக்கு வரும்போது இனக் கலவரமாகிவிடுமோ என்று அரசாங்கம் பயந்தது. பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் உண்மை அவ்வளவு சுலபமாகப் பிரியவில்லை. இழுவைக்கு எதிராகக் கத்திய சீனக் கரையோர மீனவர்களும் இருந்தார்கள். அவர்கள் வலையும்தான் அறுந்தது. சண்டை தோலின் நிறத்தைவிடப் படகின் நீளத்தைப் பார்த்துத்தான் பிரிந்தது. அதை அப்படிச் சொல்ல அப்போது யாருக்கும் வசதியில்லை.

1963இல் மீன்வளச் சட்டம் வந்தது. இழுவையை முதலில் தடுத்துப் பார்த்தார்கள். தடையை மீறி இழுத்தார்கள். பிறகு கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கொஞ்சம் லைசென்ஸ் கொடுத்துக் கட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். கரையிலிருந்து 3 மைல் வரை இழுவை கூடாது என்றார்கள். சாவு நிற்கவில்லை. 1971இல் மஜுயிக்கான் என்ற மீன்வள மேம்பாட்டு வாரியம் வந்தது. 1981இல்தான் கடல் வரிசையாகப் பிரிக்கப்பட்டது. முதல் 5 மைல் 'ஏ' மண்டலம், பாரம்பரியக் கருவிகளுக்கு மட்டும். 5லிருந்து 12 வரை 'பி', 40 டன்னுக்குக் குறைந்த இழுவைப் படகுகளும் சுருக்கு வலைப் படகுகளும். 12க்கு அப்பால் 'சி', பெரிய படகுகள். 30க்கு அப்பால் ஆழ்கடல். 1985ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கெல்லாம் பல் வைத்தது.

இந்த வரிசையை மேலோட்டமாகப் பார்த்தால் நிர்வாகம் மாதிரித்தான் இருக்கும். நான் இதை ஒரு கொடுக்கல் வாங்கலாகப் படிக்கிறேன். நீங்கள் பெட்ரோல் புட்டியைக் கீழே வையுங்கள், ஐந்து மைலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கரையோர மீனவனுக்கு அரசாங்கம் கொடுத்த வாக்கு அது. அவன் தன் பங்கைச் செய்துவிட்டான். வாக்கின் மற்றப் பாதி ரோந்துப் படகின் எண்ணெய்க் கணக்கில் இருந்தது. எண்ணெய் ஒதுக்கீடு மாதக் கடைசியில் தீரும்போது அந்த வாக்கும் தீர்ந்துபோகும்.

தஞ்சோங் பியாண்டாங் பக்கத்தில் ஒரு பாக்சிக் ஒருநாள் கோணிப்பையில் கிழிந்த வலையைக் கொண்டுவந்து எங்கள் கவுண்டரில் கொட்டினார். சேறு வாடை ஆபீஸ் முழுக்க. போலீஸ் ரிப்போர்ட் போட்டீர்களா என்று என் ஆள் கேட்டான். அவர் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நாலரை மைல், துவான். அதை மட்டும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். தேநீர் கொடுத்து உட்கார வைத்தேன். கொஞ்சம் ஆறிய பிறகு, சின்ன வயசில் அப்பாவோடு கடலுக்குப் போன கதையைச் சொன்னார். "அப்பல்லாம் வலை அறுந்தா ஆபீசுக்கு வரமாட்டோம், துவான். நேரா பெட்ரோல் ஸ்டேஷனுக்குத்தான் போவோம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் போன பிறகு நான் பையன்களைக் கூப்பிட்டு, அந்த வார அட்டவணையில் இரண்டு இரவுகளை மாற்றிப் போட்டேன்.

கோட்டைக் காப்பது எப்படி என்று சொல்கிறேன், கேட்கச் சுவாரஸ்யமாக இருக்கும். படகின் வீல்ஹவுஸில் மண்டல எழுத்து பெரிதாக எழுதியிருக்க வேண்டும். 'பி' எழுத்துப் படகு நாலரை மைலில் நின்றால் தப்பு. ஆனால் நிற்பது தப்பில்லை, வலை தண்ணீரில் இருக்க வேண்டும். ரோந்துப் படகின் என்ஜின் சத்தம் கேட்டதும் வலையை அறுத்துவிட்டால்? அப்போது டெக்கில் துள்ளும் மீனையும் நனைந்த கயிற்றையும் வைத்துத்தான் வழக்கு. அதற்கு மேல், நீங்கள் நின்ற இடம் நாலரை மைல் என்று எப்படித் தெரியும் என்று வக்கீல் கேட்பார். ஜி.பி.எஸ். இல்லாத காலத்தில் ரேடாரையும் கரையில் தெரியும் மலை முனையையும் வைத்துத்தான் இடம் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். வந்த பிறகும் கேள்வி தீரவில்லை. கரையிலிருந்து ஐந்து மைல் என்றால் கரை எது? குவாலா கூராவ், குவாலா செபெத்தாங் பக்கம் வந்து பாருங்கள். நீர் வற்றும்போது சேறு கண்ணுக்கெட்டிய தூரம் போகும். அலையாத்திக் காடு கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருக்கும். கரையே கால் முளைத்து நடக்கும் இடத்தில் வரைபடத்தில் கோடு போட்டவர்கள், என் கணிப்பில், மணல் கரையிலேயே வளர்ந்தவர்கள்.

வலைக் கண்ணியையும் அளப்போம். இழுவை வலையின் பையில் கண்ணி 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளவு சரியாகத்தான் இருக்கும். பையைத் திருப்பினால் உள்ளே இன்னொரு பை தைத்திருக்கும்.

பிடிபட்டவர்களில் படகு முதலாளி ஒருவரைக்கூட நான் கடலில் பார்த்ததில்லை. தேக்கோங் இருப்பார், கூலிக்கு வந்த அயல்நாட்டுப் பையன்கள் இருப்பார்கள். பந்தாய் ரெமிஸ் பக்கத்துத் தேக்கோங் ஒருவரை மூன்று முறை பிடித்திருக்கிறோம். மூன்றாம் முறை எனக்கும் அவருக்கும் பழக்கமே ஆகிவிட்டது. "என்சேக், இறால் சேத்துலதான் இருக்கு. அது அஞ்சு மைல் தாண்டி வராது. நான் வெளிய போனா எண்ணெய்க் காசுகூட வராது, முதலாளி வேற ஆளைப் போட்டுருவாரு." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையை வழக்குப் பாரத்தில் எழுத இடமில்லை. அபராதத்தை முதலாளி கட்டினார். வியாபாரச் செலவுகளில் அதுவும் ஒன்று.

சில வழக்குகளில் ஒரு ஒய்.பி.யின் போன் வரும். கேஸை விடு என்று நேராகச் சொல்லமாட்டார்கள். "அந்த ஆள் நல்ல ஆள்தான், கொஞ்சம் பார்த்துக்கங்க" என்பார்கள். இதைப் பற்றி அதிகம் எழுதுவதில் பயனில்லை.

நான் தமிழன் என்பது இந்த வேலையில் ஒரு விசித்திரமான வசதி. வலைக்காரரும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைக்கவில்லை, இழுவைக்காரரும் நினைக்கவில்லை. இருவரும் கொஞ்சம் சந்தேகத்தோடும் கொஞ்சம் நம்பிக்கையோடும் பார்த்தார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று என் அம்மாவே கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதுதான். நம் எழுத்தில் கடல் என்றால் பெரும்பாலும் ரஜூலா கப்பல். அதில் வந்து இறங்கியதோடு கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ரப்பர் காட்டுக்குள் போய்விட்டோம். பால் மரத்தைப் பற்றி எத்தனை கதை, கரையோரச் சேற்றைப் பற்றி எத்தனை?

ஆனால் நமக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கரையோர மீனவர்களின் பக்கம் நின்று இந்த நாட்டில் மிக நீண்ட காலம் சத்தம் போட்டவர் எஸ்.எம்.முகமது இட்ரிஸ், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர். தமிழர். பிறை தொழிற்பேட்டைக் கழிவால் ஜூரு ஆறு செத்துக் குவாலா ஜூரு மீனவர்கள் தவித்தபோது அந்தச் சங்கம்தான் உடன் நின்றது. இழுவை வலைக்கு எதிராக அவர் 2019இல் காலமாகும்வரை பேசினார். அவர் கடிதங்கள் எங்கள் ஆபீசுக்கும் வரும். மேலிடத்துக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு உள்ளூர சந்தோஷம், அட்டவணையில் இன்னும் ஓர் இரவு எண்ணெய் கேட்க அது ஒரு சாக்கு. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரர்களும் இழுவைப் படகுக்காரர்களும் மோதிய பிறகே 1983இல் தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அங்கே கோடு அப்போது 3 மைலில் இருந்தது.

2005இன் கடைசியில் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் செயல்படத் தொடங்கியது. ரோந்தில் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போனது. பெரிய கப்பல்கள், நல்ல கருவிகள். பார்வை வெளிப்பக்கம் திரும்பியது. கிழக்குக் கரையில் வியட்நாம் படகுகள் பெரிய பிரச்சினை, மறுப்பதற்கில்லை. 2019 சட்டத் திருத்தத்தில் வெளிநாட்டுப் படகின் உரிமையாளருக்கும் தேக்கோங்குக்கும் உச்ச அபராதம் 10 லட்சம் வெள்ளியிலிருந்து 60 லட்சமாக உயர்ந்தது. செய்தித்தாளில் படம் வந்தது. நாலரை மைலில் இரவில் இழுக்கும் உள்ளூர்ப் படகுக்குப் படம் வராது.

கோட்டைக் காக்க இலாகா கண்டுபிடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது மனிதன் சம்பந்தப்படாத ஒரு வழி. 1975இல் கெடாவில் தெலோர் தீவுக்குப் பக்கத்தில் பழைய டயர்களைக் கட்டிக் கடலுக்குள் இறக்கினார்கள். துக்குன், செயற்கைப் பாறை. மீன் கூடுவதற்காகச் செய்தது. பிறகுதான் இன்னொரு பயனும் புரிந்தது. இழுவை வலை அதில் மாட்டினால் கிழியும். அடுத்தடுத்து வந்தவை கான்கிரீட். டன் கணக்கில் எடை, இழுவை வலையைக் கிழிக்கவென்றே நீட்டிய கைகள். அதற்குச் சம்பளம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஒய்.பி. போன் செய்தாலும் எடுக்காது.

நான் ஓய்வு பெற்ற வருஷம் எங்கள் பகுதியிலும் சில துக்குன்களை இறக்கினார்கள். எங்கே இறக்கினோம் என்ற புள்ளிகளைக் கரையோர மீனவர் சங்கத்துக்குக் கொடுப்பதா என்று மீட்டிங்கில் ஒரு மணி நேரம் பேசினோம். கொடுத்தால் இழுவைக்காரர்களுக்கும் தெரிந்துவிடும், தப்பித்து இழுப்பார்கள் என்றார் ஒருவர். கொடுக்காவிட்டால் சின்ன வலைகளும் மாட்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் கொடுத்தோம். அடுத்த மாதம் அந்தப் பாக்சிக்கைச் சந்தையில் பார்த்தேன். கூடையில் இரண்டு பெரிய வாவல். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை.